நான்கரை லட்சம் பேர் நெருக்கியடித்து நின்ற நாள்

2003 மார்ச் 7ஆம் தேதி, டொரண்டோவின் கிழக்குப் பகுதியான ஸ்கார்பரோவில் உள்ள ஒரு மருத்துவமனைக்குக் காய்ச்சலும் இருமலுமாக ஒருவர் வந்து சேர்ந்தார். வார்டில் படுக்கை காலி இல்லை. அவசர சிகிச்சைப் பிரிவிலேயே இரவு முழுக்கப் படுக்கவைத்தார்கள். மூச்சுத் திணறலுக்கு மருந்தை ஆவியாக்கிச் சுவாசிக்கக் கொடுத்தார்கள். எந்த மருத்துவமனையிலும் அன்றாடம் நடப்பதுதான். அவருக்கும் பக்கத்துப் படுக்கைக்காரருக்கும் நடுவே இருந்தது ஒரு திரைச்சீலை மட்டுமே. அதுவரை ஒரு குடும்பத்துக்குள் இருந்த சார்ஸ் என்ற கடுமையான சுவாச நோய் அந்த இரவில் திரைச்சீலையைத் தாண்டியது.

அதே ஆண்டு ஜூலை 30, புதன்கிழமை. அதே நகரின் வடக்கே டவுன்ஸ்வியூ பூங்கா. ஒரு காலத்தில் ராணுவ விமானத் தளமாக இருந்த வெட்டவெளி. சுட்டெரிக்கும் வெயிலில், தோளோடு தோள் உரச, நான்கரை லட்சம் முதல் ஐந்து லட்சம் பேர் வரை கூடினார்கள். கனடாவில் டிக்கெட் போட்டு நடந்த நிகழ்ச்சி எதற்கும் அதுவரை அத்தனை கூட்டம் வந்ததில்லை. நடுப்பகலுக்குத் தொடங்கி நள்ளிரவுவரை நடந்த அந்தக் கச்சேரியில் கடைசியாக மேடையேறியவர்கள் ரோலிங் ஸ்டோன்ஸ் என்ற பிரிட்டிஷ் ராக் குழுவினர்.

நான்கு மாதம் ‘தள்ளி நில்லுங்கள், தொடாதீர்கள், வீட்டை விட்டு வெளியே வராதீர்கள்’ என்று சொல்லிக்கொண்டிருந்த ஒரு நகரம் ஏன் ஐந்து லட்சம் பேரை ஒரே மைதானத்தில் நெருக்கி நிறுத்த வேண்டும்? நோயால் நொந்துபோன ஊருக்கு ராக் இசை என்ன செய்துவிட முடியும்? ‘நிதி திரட்டத்தான்’ என்பது எல்லோர் வாயிலும் வரும் பதில். டொரண்டோவைப் பொறுத்தவரை அது பாதிகூட உண்மை இல்லை.

நோய் வந்த கதையைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். பிப்ரவரி 2003இல் சீனாவின் குவாங்தொங் மாகாணத்திலிருந்து ஹாங்காங் வந்த ஒரு மருத்துவர், கவ்லூனில் இருந்த மெட்ரோபோல் ஹோட்டலின் ஒன்பதாவது மாடியில் தங்கினார். அவருக்கு நோய் இருந்தது. அதே மாடியில் தங்கியவர்கள் வழியாக அது வியட்நாம், சிங்கப்பூர், கனடா என்று விமானம் ஏறியது. கனடாவுக்குக் கொண்டுவந்தவர் 78 வயது மூதாட்டி. ஊர் திரும்பிய சில நாட்களில் வீட்டிலேயே இறந்தார். திரைச்சீலைக்கு இந்தப் பக்கம் படுத்திருந்தவர் அவருடைய மகன். மார்ச் 13இல் அவரும் போய்விட்டார்.

அதன்பின் பரவிய இடமெல்லாம் பெரும்பாலும் மருத்துவமனைகள். இந்த ஒரு விவரத்தை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும், பின்னால் வருகிறது. கனடாவில் பெரும்பாலும் இந்த நோய்தான் என்று கருதப்பட்டோரும் சந்தேகத்துக்குரியோருமாக 438 பேருக்கு நோய். 44 பேர் இறந்தார்கள். டொரண்டோ வட்டாரத்தில் நோயுற்றவர்களில் ஏறக்குறைய பாதிப் பேர் மருத்துவமனைகளில் வேலை செய்தவர்கள். இரண்டு செவிலியரும் ஒரு மருத்துவரும் உயிரிழந்தார்கள். ஆயிரக்கணக்கானவர்கள் பத்து நாள் வீட்டுக்குள் அடைபட்டார்கள். ஒரே கூரைக்குக் கீழே தனி அறை, தனித் தட்டு. மார்ச் 26இல் ஒன்டாரியோ மாகாண அரசு அவசரநிலையை அறிவித்தது.

நாற்பது லட்சத்துக்கும் மேலானவர்கள் வாழும் பெருநகர வட்டாரத்தில் 44 மரணம் என்பது, இறந்தவர் வீட்டுக்கு உலகமே இருண்டதாக இருந்தாலும், ஊரை முடக்கும் எண்ணிக்கை அல்ல. ஊரை முடக்கியது வேறு. ஏப்ரல் 23ஆம் தேதி, பெய்ஜிங்கோடும் சீனாவின் ஷான்சி மாகாணத்தோடும் டொரண்டோவையும் சேர்த்து, ‘அவசியமில்லாமல் அங்கே போகாதீர்கள்’ என்று உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. கனடியர்களுக்கு அது கன்னத்தில் விழுந்த அறை. அப்போதைய மேயர் மெல் லாஸ்ட்மன் அமெரிக்கத் தொலைக்காட்சியில் தோன்றி, அந்த நிறுவனத்தைப் பற்றித் தான் கேள்விப்பட்டதே இல்லை என்கிற ரீதியில் பொரிந்து தள்ளினார். ஊரைக் காப்பாற்றப் போய் ஊரையே நகைப்புக்கு இடமாக்கிய பேட்டி அது. ஒரு வாரத்தில் எச்சரிக்கை விலக்கப்பட்டது. ஆனால் எச்சரிக்கை காதில் விழுந்த வேகத்தில் விலக்கிய செய்தி விழுவதில்லை.

ஏற்கெனவே ஏப்ரல் தொடக்கத்தில் அமெரிக்கப் புற்றுநோய் ஆய்வாளர் சங்கம் டொரண்டோவில் நடத்தவிருந்த ஆண்டு மாநாட்டைக் கடைசி நேரத்தில் கைவிட்டிருந்தது. மருத்துவ ஆராய்ச்சியாளர்களே வர மாட்டேன் என்று சொன்ன ஊருக்குச் சுற்றுலாக்காரர் எப்படி வருவார்? ஹோட்டல் அறைகள் காலி. சைனாடவுன் உணவகங்களில் மேசைகள் காலி. அங்கே நோய் இருந்ததாலல்ல, சீன முகம் இருந்ததால். பேருந்தில் ஒருவர் இருமினால் பக்கத்து இருக்கை காலியாகும், இருமியவர் ஆசியராக இருந்தால் இரண்டு வரிசை காலியாகும் என்கிற நிலை. ஈழத்தமிழர் பெருந்தொகையாக வாழும் ஸ்கார்பரோ (அவர்கள் எழுத்தில் ஊரின் பெயர் ‘ரொறன்ரோ’) அந்த நாட்களில் செய்திகளில் அடிபட்டது நோயின் முகவரியாகத்தான்.

இங்கேதான் நிதி திரட்டும் கச்சேரியின் வழக்கமான இலக்கணம் உடைகிறது. 1971 ஆகஸ்ட் 1இல் நியூயார்க்கில் ரவிசங்கரும் பீட்டில்ஸ் குழுவில் இருந்த ஜார்ஜ் ஹாரிசனும் பங்களாதேஷ் அகதிகளுக்காக நடத்திய கச்சேரிதான் இந்த வகைக்கு முன்மாதிரி. ஒரு பக்கம் பசி, இன்னொரு பக்கம் பாட்டு, நடுவில் பணம். அந்தப் பணத்தில் பெரும்பகுதி வரித் தகராறில் சிக்கி ஆண்டுக்கணக்கில் முடங்கிக் கிடந்தது என்பது வேறு சோகம். ஆனால் தர்க்கம் தெளிவு: பாடுவது இங்கே, பயன் அங்கே. எத்தியோப்பியப் பஞ்சத்துக்காக 1985இல் நடந்த லைவ் எய்டும் அப்படித்தான்.

டொரண்டோவின் குறை பணமல்ல, வருகை. பணக்கார நாட்டின் பணக்கார நகரம் அது. அங்கே கூலி இழந்தவர் ஹோட்டல் அறை பெருக்குபவர், உணவகத்தில் பரிமாறுபவர், டாக்சி ஓட்டுபவர். அவர்களுக்கு ஒருநாள் உண்டியல் குலுக்கிக் கொடுத்தால் ஒரு மாத வாடகை வரும்; வேலை திரும்பி வராது. வேலை திரும்ப வேண்டுமானால் வெளியூர்க்காரர் வர வேண்டும். வெளியூர்க்காரர் வர வேண்டுமானால் அந்த ஊரில் கூட்டத்தில் நிற்க பயமில்லை என்று அவர் தன் கண்ணால் பார்க்க வேண்டும். மருத்துவ அறிக்கை அதைச் செய்யாது. ‘புதிய நோயாளிகள் இல்லை’ என்ற வரியைப் படித்து யாரும் பெட்டி கட்டுவதில்லை. கூட்டத்துக்குப் பயந்துதான் ஊர் வெறிச்சோடியது. அந்தப் பயத்துக்குப் பதில் சொல்ல இன்னொரு கூட்டத்தால்தான் முடியும்.

உள்ளூர்க்காரர்களுக்கு இது முன்பே புரிந்திருந்தது. ஏப்ரல் கடைசியில் ப்ளூ ஜேஸ் பேஸ்பால் அணி ஒரு ஆட்டத்துக்கு டிக்கெட்டை ஒரு டாலருக்கு விற்று அரங்கை நிரப்பியது. ஜூனில் கனடியக் கலைஞர்கள் சேர்ந்து நகருக்காக ஒரு கச்சேரி நடத்தினார்கள். நல்ல முயற்சிகள்தான். ஆனால் ஊர்க்காரர் ஊர்க்காரருக்குச் சொல்லும் தைரியம் எல்லை தாண்டாது. வெளியே இருந்து யாராவது வந்து நிற்க வேண்டும். அதுவும் உலகம் திரும்பிப் பார்க்கிற ஆளாக.

ஏன் ரோலிங் ஸ்டோன்ஸ்? அவர்களுக்கு டொரண்டோவோடு ஒரு பழைய கணக்கு உண்டு. 1977இல் அந்த ஊர் ஹோட்டல் ஒன்றில் குழுவின் கிட்டார் கலைஞர் கீத் ரிச்சர்ட்ஸ் ஹெராயினோடு பிடிபட்டார். போதைப்பொருள் கடத்தல் குற்றச்சாட்டு உறுதியாகியிருந்தால் ஆயுள் தண்டனைவரை போயிருக்கும். குழுவின் கதையே அங்கே முடிந்திருக்கும். நீதிபதி விசித்திரமான ஒரு தீர்ப்புச் சொன்னார்: சிறைக்குப் போக வேண்டாம், பார்வையற்றோருக்காக ஒரு கச்சேரி நடத்து. 1979 ஏப்ரலில் டொரண்டோவுக்குப் பக்கத்தில் ஓஷாவா நகரில் அந்தக் கச்சேரி நடந்தது. ஆக, இந்தக் குழு இந்த வட்டாரத்தில் தொண்டுக்காகப் பாடியது 2003இல் முதல்முறை இல்லை. முதல்முறை நீதிமன்ற உத்தரவின் பேரில்! பிற்பாடு உலகச் சுற்றுப்பயணங்களுக்கு முன்னால் வாரக்கணக்கில் டொரண்டோவில் தங்கி ஒத்திகை பார்ப்பது அவர்கள் வழக்கமாகிவிட்டது. அவர்களுடைய பயணங்களை ஏற்பாடு செய்துவந்த மைக்கேல் கோல் டொரண்டோக்காரர்.

இன்னொன்றும் உண்டு. சார்ஸ் அவர்களையும் தொட்டிருந்தது. அந்த வசந்தகாலத்தில் ஆசியப் பயணத்தில் இருந்த குழு, ஹாங்காங்கையும் சீனாவில் பாடவிருந்த முதல் கச்சேரிகளையும் நோய்க்குப் பயந்து கைவிட வேண்டியதாயிற்று. ஏப்ரலில் பெங்களூரிலும் மும்பையிலும் பாடிவிட்டு ஐரோப்பா போனார்கள். ஜூலை 27இல் ப்ராகில் கச்சேரி, ஜூலை 30இல் டொரண்டோ. குழுவின் பாடகர் மிக் ஜாகருக்கு அறுபது வயது நிரம்பி நான்கே நாள் ஆகியிருந்தது.

ஏற்பாட்டின் அரசியல் பக்கத்தை ஓட்டியவர்கள் டெனிஸ் மில்ஸ் என்ற நாடாளுமன்ற உறுப்பினரும் ஜெரி கிராஃப்ஸ்டீன் என்ற செனட்டரும். மில்ஸ் கூட்டம் கூட்டுவதில் கைதேர்ந்தவர். முந்தைய ஆண்டு ஜூலையில் போப் இரண்டாம் ஜான் பால் கலந்துகொண்ட உலக இளைஞர் தினத் திருப்பலி இதே டவுன்ஸ்வியூவில்தான் லட்சக்கணக்கானவர்களோடு நடந்தது. அதிலும் அவர் பங்கு பெரிது. பாதை எங்கே போடுவது, கழிப்பிடம் எத்தனை வைப்பது, மயங்கி விழுபவரை எந்த வழியாகத் தூக்கிப் போவது என்கிற கணக்கெல்லாம் போப்புக்காகப் போட்டுவைத்தது. ஒரு வருடம் கழித்து ராக் இசைக்குப் பயன்பட்டது.

செலவில் ஒரு பங்கை அரசுகள் ஏற்றன. மோல்சன் பியர் நிறுவனம் பணத்தோடு தன் பெயரையும் போட்டது. ‘மோல்சன் கனேடியன் ராக்ஸ் ஃபார் டொரண்டோ’ என்பது அதிகாரப்பூர்வப் பெயர். பியரின் பெயர் இருந்தது, நோயின் பெயர் இல்லை. மக்கள் விடவில்லை. 1969இல் அமெரிக்காவில் நடந்த புகழ்பெற்ற இசை விழாவான உட்ஸ்டாக்கை நினைவில் வைத்து ‘சார்ஸ்ஸ்டாக்’ என்று பெயர் சூட்டினார்கள். இன்றைக்கும் அப்படிச் சொன்னால்தான் டொரண்டோக்காரர்களுக்குப் புரியும். எதை மறக்கடிக்கக் கச்சேரி வைத்தார்களோ அதுவே கச்சேரியின் பெயராகிவிட்டது.

டிக்கெட் விலை 21.50 கனடிய டாலர். அந்தக் காலத்தில் ரோலிங் ஸ்டோன்ஸ் அரங்கக் கச்சேரிக்கு இதைப் போலப் பல மடங்கு கொடுக்க வேண்டும். நோக்கம் நிதியாக இருந்திருந்தால் இந்த விலையே தப்பு. ஐந்து லட்சம் பேருக்குப் பதில் ஐம்பதாயிரம் பேரை உட்காரவைத்து நூற்றைம்பது டாலர் வாங்கியிருந்தால் செலவும் குறைவு, லாபமும் அதிகம். விலையைத் தாழ்த்தியது தலை எண்ணிக்கையை ஏற்றுவதற்கு. மருத்துவப் பணியாளருக்கும் ஹோட்டல் தொழிலாளருக்கும் ஒரு பங்கு ஒதுக்கப்பட்டது உண்மை. ஆனால் அது ஊறுகாய், சாப்பாடு அல்ல.

அன்றைய காட்சிகளில் சில இன்னும் பேசப்படுகின்றன. மே மாதம் ஆல்பர்ட்டாவில் ஒரே ஒரு மாட்டுக்குப் பித்தப் பசு நோய் கண்டுபிடிக்கப்பட்டு, அமெரிக்கா கனடிய மாட்டிறைச்சிக்குக் கதவடைத்திருந்தது. அதனால் மைதானத்தில் ஆல்பர்ட்டா மாட்டிறைச்சியை மலைமலையாகச் சுட்டு விற்றார்கள். மனித நோயால் நொந்த மாகாணமும் மாட்டு நோயால் நொந்த மாகாணமும் ஒரே மைதானத்தில் ஒன்றுக்கொன்று தோள் கொடுத்த அந்த ஏற்பாட்டில் ஒரு முரட்டு நகைச்சுவை இருக்கிறது. ‘எங்கள் ஊரில் மூச்சு விடலாம், எங்கள் மாட்டைத் தின்னலாம்’ என்பதுதான் அன்றைய முழுச் செய்தி.

ரஷ், கெஸ் ஹூ, ஏசி/டிசி என்று கனத்த ராக் குழுக்களுக்காக வந்த கூட்டத்தின் நடுவே ஜஸ்டின் டிம்பர்லேக் மேடையேறினார். அப்போது இருபத்திரண்டு வயதுப் பாப் பாடகர். பறந்து வந்தன தண்ணீர் பாட்டில்கள். அவர் அசராமல் பாடி முடித்தார். இரவில் ஸ்டோன்ஸ் அவரை மறுபடி மேடைக்கு அழைத்துத் தங்களோடு பாடவைத்தார்கள். அப்போதும் பாட்டில் பறந்தது. கீத் ரிச்சர்ட்ஸ் முன்னால் வந்து கூட்டத்தைக் கடிந்துகொண்டார். இதைக் கேவலமான சம்பவமாகத்தான் எல்லோரும் எழுதினார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஏப்ரலில் அடுத்தவர் தொட்ட கதவுப் பிடியைத் தொடப் பயந்த ஊர், ஜூலையில் வாய்வைத்துக் குடித்த பாட்டிலை மேடை மேல் வீசுகிறது என்றால், பயம் போய்விட்டது என்பதற்கு அதைவிடப் பெரிய மருத்துவச் சான்றிதழ் வேண்டுமா? ஒழுங்காக உட்கார்ந்து கைதட்டிவிட்டுப் போயிருந்தால் அரசு விழாவாகியிருக்கும். டிம்பர்லேக்குக்கு அன்று பட்டது வேறு விஷயம். அவரிடம் மன்னிப்புக் கேட்டாக வேண்டும்.

கச்சேரி சுற்றுலாவை மீட்டதா என்று கேட்டால், பிரித்தெடுத்துச் சொல்ல வழியில்லை. கச்சேரி முடிந்து பதினைந்தே நாளில், ஆகஸ்ட் 14ஆம் தேதி, வட அமெரிக்காவின் வடகிழக்கில் பெரும்பகுதிக்கு மின்சாரம் போனது, டொரண்டோவும் இருண்டது. அந்த ஆண்டு அந்த ஊருக்கு ஜாதகம் சரியில்லை. எது எதனால் வீழ்ந்தது, எது எதனால் எழுந்தது என்று கணக்குப் பிரிப்பது பொருளாதார நிபுணர்களுக்கே தலைவலி. ஆனால் ஊர்க்காரர்களின் நினைவில் சார்ஸ் எப்போது முடிந்தது என்று கேட்டால், உலக சுகாதார நிறுவனம் நோய் பரவும் இடங்களின் பட்டியலிலிருந்து டொரண்டோவை நீக்கிய ஜூலை 2ஆம் தேதியைச் சொல்பவர் குறைவு. கச்சேரியைச் சொல்பவர்தான் அதிகம் இருப்பார்கள்.

அந்த ஜூலை 2 உண்மையில் இரண்டாவது நீக்கம். முதல் நீக்கம் மே 14. அதற்குப் பின்தான் இந்தக் கதையின் கசப்பான பகுதி வருகிறது. மே 17இல் மாகாணம் அவசரநிலையை முடித்துக்கொண்டது. மருத்துவமனைகளில் முகக்கவசக் கட்டுப்பாடுகள் தளர்ந்தன. எல்லோரும் களைத்திருந்தார்கள், எல்லோருக்கும் பழைய வாழ்க்கை வேண்டியிருந்தது. ஆனால் நார்த் யார்க் பொது மருத்துவமனையின் எலும்பு சிகிச்சை வார்டில், அறுவைக்குப் பிந்தைய நிமோனியா என்று எண்ணப்பட்ட நோயாளிகள் வடிவில் சார்ஸ் சத்தமில்லாமல் உட்கார்ந்திருந்தது. ஏதோ சரியில்லை என்று செவிலியர்கள் சொன்னார்கள். கேட்கப்படவில்லை. மே 23இல் இரண்டாவது அலை அறிவிக்கப்பட்டது. சில நாளில் உலகப் பட்டியலில் டொரண்டோ மறுபடி ஏறியது.

‘எல்லாம் சரியாகிவிட்டது’ என்ற செய்தியின் மேல் ஒரு ஊருக்கு இருக்கும் ஆசை எவ்வளவு ஆபத்தானது என்பதற்கு இது பாடம். ஜூலைக் கச்சேரி சொன்னதும் அதே செய்தியைத்தான். வித்தியாசம், ஜூலையில் அது உண்மையாக இருந்தது. ஜூன் மத்தியிலேயே புதிய நோயாளிகள் வருவது நின்றிருந்தது. கச்சேரி மே மாதக் கடைசியில் நடந்திருந்தால் இன்றைக்கு அதை என்ன பெயரால் நினைவுகூர்ந்திருப்பார்கள் என்று நினைத்துப் பார்க்கவே கூச்சமாக இருக்கிறது.

நீதிபதி ஆர்ச்சி கேம்பெல் தலைமையில் அமைந்த விசாரணை ஆணையம் மூன்று ஆண்டுக்கு மேல் எடுத்து எழுதிய அறிக்கை, அறிவியல் நூறு சதவீதம் நிரூபிக்கட்டும் என்று காத்திராமல் முன்னெச்சரிக்கையைக் கையாள வேண்டும் என்று அழுத்திச் சொன்னது. செவிலியரின் குரல் அலட்சியம் செய்யப்பட்டதையும் விரிவாகப் பதிவுசெய்தது. நோயுற்ற ஐம்பதுக்கும் மேற்பட்ட செவிலியர்கள் மாகாண அரசின் மேல் வழக்குப் போட்டார்கள். 2009இல் ஒன்டாரியோ மேல்முறையீட்டு நீதிமன்றம் வழக்கைத் தள்ளிவிட்டது: அரசுக்கு இருக்கும் கடமை பொதுமக்கள் அனைவருக்கும் உரியது, தனித்தனிச் செவிலியருக்கு அல்ல என்பது சாரம். மேடையில் அவர்களைப் போற்றிப் பேசியது எளிதாக இருந்தது. சட்டப்படி அவர்களுக்குக் கடன்பட்டிருக்கிறோம் என்று ஒப்புக்கொள்வதுதான் நடக்கவில்லை. கச்சேரியின் குற்றமில்லை இது. ஆனால் கச்சேரி முடிந்ததும் கணக்கும் முடிந்ததாக ஊர் எண்ணிக்கொண்டதில் அதற்கும் ஒரு பங்கு உண்டு.

டொரண்டோவை மட்டும் பார்த்தால், பெரிய குழுவைக் கூப்பிட்டு மேடை போட்டால் ஊர் தேறிவிடும் என்று தோன்றும். அதே நோய்க்குப் பின், அதே ஆண்டில், அதே ரோலிங் ஸ்டோன்ஸை அழைத்து ஹாங்காங் செய்ததைப் பக்கத்தில் வைத்தால்தான் விஷயம் விளங்கும்.

ஹாங்காங்கின் அடி இன்னும் பலமானது: 1,755 பேருக்கு நோய், 299 மரணம். அங்கே முதலில் நடந்தது பெரிய ஆட்கள் கேட்டுச் செய்ததல்ல. மே மாதத்தில், நோய் இன்னும் முழுமையாக ஓயாதபோதே, உள்ளூர்க் கலைஞர் சங்கம் ஹாங்காங் ஸ்டேடியத்தில் ஒரு கச்சேரி நடத்தியது. சங்கத் தலைவியாக அதை முன்னின்று நடத்தியவர் பாடகி அனிதா முய். கச்சேரியின் பெயர் ‘1:99’. ஒரு பங்கு ப்ளீச்சுக்குத் தொண்ணூற்றொன்பது பங்கு தண்ணீர். வீட்டுத் தரையையும் கதவையும் துடைக்கச் சுகாதாரத் துறை சொல்லியிருந்த விகிதம். அந்த வசந்தகாலத்தில் ஹாங்காங்கில் வாளியும் துணியுமாக நின்ற ஒவ்வொருவருக்கும் அந்த எண் மனப்பாடம். விளம்பர நிறுவனம் எதுவும் யோசித்துச் சொல்லும் பெயரல்ல அது, அடுப்படியிலிருந்து வந்தது. நோயில் பெற்றோரை இழந்த பிள்ளைகளின் படிப்புக்காகப் பணம் சேர்த்தார்கள். அந்தக் கச்சேரி தேறுதல் சொல்லியது, உலகத்துக்கு விளம்பரம் சொல்லவில்லை. அனிதா முய் தனக்குப் புற்றுநோய் இருப்பதைச் சில மாதங்களில் வெளியிட்டார். அந்த ஆண்டு டிசம்பர் 30இல் இறந்தார்.

ஜூன் 23இல் ஹாங்காங் நோய்ப் பட்டியலிலிருந்து நீங்கியது. எட்டாவது நாள், ஜூலை 1, சுமார் ஐந்து லட்சம் பேர் தெருவில் இறங்கினார்கள். பாட்டுக்கு அல்ல, புதிய பாதுகாப்புச் சட்ட மசோதாவை எதிர்த்து. நோயை அரசு கையாண்ட விதத்தின் மேல் இருந்த கோபமும் அதில் கலந்திருந்தது. டொரண்டோ அரசியல்வாதிகள் பணம் போட்டுத் திரட்டிய அளவு கூட்டத்தை ஹாங்காங் மக்கள் தாங்களாகவே, அரசுக்கு எதிராக, திரட்டிக்கொண்டார்கள். கூடி நிற்க இனிப் பயமில்லை என்பது அன்றைக்கே நிரூபணமாகிவிட்டது.

அரசோ அதற்குப் பிறகும் டொரண்டோ பாணியில் யோசித்தது. பொருளாதாரத்தைத் தூக்கி நிறுத்த ஒதுக்கிய நூறு கோடி ஹாங்காங் டாலரில் பத்துக் கோடிவரை ‘ஹார்பர் ஃபெஸ்ட்’ என்ற இசை விழாவுக்கு. அமெரிக்க வர்த்தக சபை நடத்தும், முதலீட்டு ஊக்குவிப்புத் துறை மேற்பார்வை பார்க்கும். அக்டோபர் பாதியிலிருந்து நவம்பர் முற்பகுதிவரை துறைமுகக் கரையில் பிரின்ஸ், சந்தானா, நீல் யங், கடைசியில் ரோலிங் ஸ்டோன்ஸ். விழா தொடங்கியதும் தெரிந்தது காலி நாற்காலிகள். டிக்கெட்டைச் சும்மா கொடுத்து இடத்தை நிரப்பியதாகச் செய்தி வந்தது. கலைஞர்களுக்குக் கொடுத்த தொகையைக் கேட்டுச் சட்டமன்றம் கொதித்தது. விசாரணைக் குழு, தணிக்கை அறிக்கை, பொறுப்பதிகாரி மைக் ரவுஸ் மேல் ஒழுங்கு நடவடிக்கை. அந்தத் தண்டனையை எதிர்த்து அவர் நீதிமன்றம் போய் 2008இல் ஜெயித்தார். ஒரு பாட்டுக் கச்சேரியின் தகராறு ஐந்து வருடம் ஓடியது.

ஹாங்காங்கில் தவறு இசையில் இல்லை, நேரத்திலும் ஆளிலும். நோய் போய் நான்கு மாதம் கழித்து, பயம் தெளிந்த ஊருக்குப் பயம் தெளிவிக்க விழா எடுத்தார்கள். அழுவதற்கு ஊர் தன் கச்சேரியை மே மாதமே நடத்திக்கொண்டுவிட்டது. கூடி நிற்பதை ஜூலையிலேயே செய்துகாட்டிவிட்டது. மிச்சம் இருந்தது வெளியூர்க்காரருக்குக் காட்டும் காட்சி ஒன்றுதான்; உள்ளூர்க்காரர் நாற்காலியை நிரப்பாமல் அந்தக் காட்சியும் இல்லை. டொரண்டோவில் டிக்கெட் வாங்கியவரே காட்சியின் நாயகர். ஹாங்காங்கில் அவரைப் பார்வையாளராகக் கூப்பிட்டார்கள். அதற்கு அவருக்கு வேறு வேலை இருந்தது.

பதினேழு ஆண்டு கழித்து இதே கேள்வி உலகம் முழுக்க ஒரே நேரத்தில் வந்தது. 2020இல் கொரோனா வந்தபோது டவுன்ஸ்வியூ உத்தி யாருக்கும் கைகொடுக்கவில்லை. நோய் இன்னும் நடந்துகொண்டிருந்தது. ஏப்ரல் 18ஆம் தேதி லேடி காகா கலைஞர்களைத் திரட்டி நடத்திய இணையக் கச்சேரியில் எல்லோரும் அவரவர் வீட்டிலிருந்து பாடினார்கள். அதன் கூட்டாளி உலக சுகாதார நிறுவனம். ‘யாரென்றே தெரியாது’ என்று டொரண்டோ மேயர் சொன்ன அதே நிறுவனம். டவுன்ஸ்வியூவில் பாடிய ஃப்ளேமிங் லிப்ஸ் குழு 2021 ஜனவரியில் தன் சொந்த ஊரான ஒக்லஹோமா நகரில் ரசிகர்களை ஊதப்பட்ட பிளாஸ்டிக் உருண்டைகளுக்குள் நிறுத்திக் கச்சேரி செய்தது. உருண்டைக்குள் இரண்டு மூன்று பேர், தண்ணீர் பாட்டில், சிறு மின்விசிறி, கழிப்பறைக்குப் போக வேண்டுமென்றால் தூக்கிக் காட்ட ஒரு பலகை.

அந்த ஏப்ரல் இணையக் கச்சேரியில் ரோலிங் ஸ்டோன்ஸும் இருந்தார்கள். திரையில் நான்கு கட்டங்கள், நான்கு வீடுகள், நான்கு கிழவர்கள். முதலில் ஜாகர் மட்டும் தெரிந்தார், பிறகு ஒவ்வொருவராகச் சேர்ந்தார்கள். கடைசிக் கட்டத்தில் சார்லி வாட்ஸ். டவுன்ஸ்வியூவில் ஐந்து லட்சம் பேரின் நெஞ்சதிரத் தாளம் போட்டவர் முன்னால் அன்று டிரம் இல்லை. பெட்டிகளையும் சோபாவின் கையையும் குச்சியால் தட்டியபடி, சிரித்துக்கொண்டு, பாட்டு முடியும்வரை உட்கார்ந்திருந்தார்.